படிக்கட்டுக்கு நேரே நிற்கும் பெட்டி: புறநகர் ரயில் நிலைய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வரை போகிற மின்சார ரயில் தடத்தில் நிலையங்களைக் கட்டுகிற, இடிக்கிற, பெயின்ட் அடிக்கிற, டெண்டர் விடுகிற எல்லா அதிகாரிகளுக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கோப்பு யார் மேஜையில் தூங்குகிறது என்பது நீங்கள் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். நான் பத்தொன்பது வருஷமாக சீசன் டிக்கெட் எடுத்து இந்தத் தடத்தில் போய் வருகிறவள், என் தகுதி அவ்வளவுதான். நான் ஏறும் நிலையத்தின் பெயரை இதில் போடவில்லை. போட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். அந்த ஒரு நிலையத்தை மட்டும் ஒருநாள் பினாயில் ஊற்றிக் கழுவி, போட்டோ எடுத்து, 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று கோப்பைக் கட்டி வைத்துவிடுவீர்கள். சைதாப்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். பிளாட்பாரத்திலிருந்து பாலத்துக்கு ஏறுகிற படிக்கட்டு.

காலை எட்டே முக்கால் வாக்கில் எங்கள் பிளாட்பாரத்துக்குப் புதிதாக வருகிற யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். வண்டிக்குப் பன்னிரண்டு பெட்டி, பிளாட்பாரம் இருநூற்றைம்பது மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது, ஆனால் ஜனம் மொத்தமும் மூன்று பெட்டி நிற்கும் இடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது, மிச்ச இடத்தில் நாய் படுத்திருக்கிறது. இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று தோன்றும். பைத்தியம் இல்லை, கணக்கு. கிண்டியில் இறங்குகிறவருக்கு ஒரு பெட்டி, மாம்பலத்தில் இறங்குகிறவருக்கு ஒரு பெட்டி, எழும்பூரில் மாறிப் போகிறவருக்கு ஒரு பெட்டி. இறங்கும் இடத்தில் எந்தக் கதவு படிக்கட்டுக்கு நேரே வந்து நிற்குமோ அந்தக் கதவுக்காகத்தான் இங்கே அத்தனை பேரும் நிற்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வந்த ஒரு அக்கா, ஆபீஸ் வேலையை யாரும் சொல்லிக் கொடுக்கும் முன்னாலேயே, இதைச் சொல்லிக் கொடுத்தார்: "அந்த கால் உடைஞ்ச பெஞ்சு இருக்குல்ல, அதுக்கு நாலடி தள்ளி நில்லு. கதவு உன் மூஞ்சிக்கு நேரா வரும்." அந்த பெஞ்சை அப்புறம் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் தரையில் நான்கு ஆணித் துளைகள் இருக்கின்றன. இப்போது அதை அடையாளமாக வைத்து நிற்கிறோம்.

நாலடி தள்ளி நின்று கதவைப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? இறங்கும் நிலையத்தில் இருநூறு மீட்டர் தள்ளி இறங்குவோம், படிக்கட்டின் வாயில் எனக்கு முன்னால் ஐநூறு பேர் இருப்பார்கள். பாலத்தின் மேலே போய்ச் சேரவே ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தில் மெட்ரோவோ, பஸ்ஸோ, ஆபீஸ் பஞ்ச்சோ போய்விடும். இதற்காகத்தான் கதவில் தொங்குகிறார்கள். உள்ளே இடம் இல்லாமல் தொங்குகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே இடம் இருந்தும் தொங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டி நிற்கும் முன்னாலேயே குதித்துப் படிக்கட்டுக்கு ஓடுவதற்காக நிற்கிறவர்கள் அவர்கள். 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று எழுதி வைத்தால் இவர்கள் திருந்த மாட்டார்கள். இன்னொரு படிக்கட்டு கட்டினால் பாதிப்பேர் உள்ளே போய்விடுவார்கள்.

இது எப்படி இப்படி ஆனது என்பதும் பெரிய ரகசியம் இல்லை. இந்தத் தடத்தில் மின்சார ரயில் 1931-இல் ஓட ஆரம்பித்தது, மீட்டர் கேஜில், சின்ன வண்டிகளாக. அந்த மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004 ஜூலையோடு நின்றன. அகலப்பாதையில் ஒன்பது பெட்டி வந்தது, அப்புறம் பன்னிரண்டு ஆனது. பெட்டி கூடக்கூட பிளாட்பாரத்தை எந்தப் பக்கம் இடம் இருந்ததோ அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே போனீர்கள். பாலம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. எங்கள் நிலையத்தில் ஒரு காலத்தில் பிளாட்பாரத்தின் நடுவில் இருந்த படிக்கட்டு இப்போது ஒரு கோடியில் இருக்கிறது. கூரையும் அப்படித்தான். பழைய நீளத்துக்குக் கூரை, புது நீளத்துக்கு வானம். வெயிலிலும் மழையிலும் யார் வானத்துக்குக் கீழே நிற்பார்கள்? அதுவும் சேர்ந்து கூட்டத்தை அதே மூன்று பெட்டிக்குள் தள்ளுகிறது. கூட்டம் தாங்கவில்லை, வண்டி கூட்டுங்கள் என்று நாங்கள் கத்துகிறோம். வண்டி கூட்ட வேண்டியதுதான், அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஓடுகிற வண்டியிலேயே கோடியில் இருக்கிற பெட்டிகளில் கை வீசிக்கொண்டு நிற்கலாம் என்பதை ஒருநாள் ஏறிப் பார்த்தால் தெரியும். மழை நாளில் பாருங்கள், இன்னும் நன்றாகத் தெரியும்.

தண்டவாளத்தைக் கடக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொல்வேன். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு, ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், எல்லாம் சரி. அடிக்கடி ஒலிபெருக்கியிலும் சொல்கிறீர்கள். ஆனால் பாலம் இல்லாத கோடியில் இருக்கிறவர் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போக இருநூறு மீட்டர் நடந்து, மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி இருநூறு மீட்டர் திரும்பி நடக்க வேண்டும். எதிரே பார்த்தால் கண்ணுக்கு நேரே பத்தடியில் வீடு. எங்கள் பக்கம் நீங்கள் கட்டிய சுற்றுச்சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள், இரண்டு முறை அடைத்தீர்கள், மூன்றாவது முறை ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிசாக வந்தது, பள்ளிக்கூடப் பையோடு நுழைய வசதியாக. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த ஓட்டையில் நுழைந்து வருகிற ஒரு பத்தாம் வகுப்புப் பையனை எனக்கு முகத்துக்குத் தெரியும். காதில் இயர்போன் மாட்டியிருப்பான். வண்டி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. தினமும் எத்தனை பேர் அந்த ஓட்டை வழியாக வருகிறார்கள் என்று ஒரு காவலரை நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள், அபராதம் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். அந்த இடத்தில்தான் அடுத்த பாலம் வர வேண்டும். மக்கள் காலால் போட்டுக் கொடுத்திருக்கிற பிளான் அது, கன்சல்டன்ட் செலவு கூட மிச்சம்.

அடுத்தது பிளாட்பாரம் மாற்றி அறிவிக்கிற பழக்கம். ஒன்றாவது பிளாட்பாரத்தில் நிற்கிறோம். வண்டி வர இரண்டு நிமிஷம் இருக்கும்போது கரகரவென்று ஒரு குரல்: மூன்றாவது பிளாட்பாரத்தில் வரும். பாதிப் பேருக்குக் கேட்காது, ஏனென்றால் அதே நேரத்தில்தான் எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று கடந்து போகும். கேட்டவர்கள் ஓட, அவர்கள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்கள் ஓட, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, கட்டைப்பையோடு ஒரு பெரியவர், எல்லாரும் அந்த ஒரே படிக்கட்டில். மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களும் அதே படிக்கட்டில். போன மழைக்காலத்தில் அப்படி ஓடினபோது என் செருப்பு வார் அறுந்து, நான் உட்கார்ந்துவிட்ட இடத்துக்கு மேலே இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். மூன்றாவது ஆள் தாண்டாமல் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், அவர் புண்ணியவான், அவருக்கும் வண்டி போய்விட்டது.

தடம் மாறுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. 2018 ஜூலை 24, பரங்கிமலை. மேலே போகிற மின்கம்பியில் கோளாறு என்று திருமால்பூர் வண்டியை எக்ஸ்பிரஸ் போகிற தடத்தில் திருப்பிவிட்டார்கள். உள்ளே இடம் இல்லாமல் தொங்கி வந்தவர்கள் பிளாட்பாரத்தை ஒட்டியிருந்த கான்கிரீட் சுவரில் மோதினார்கள். ஐந்து பேர் செத்துப் போனார்கள். வழக்கமான தடத்தில் அந்தச் சுவர் இல்லை, அதனால் வழக்கமாகத் தொங்குகிறவர்களுக்கு அந்தச் சுவர் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் என் பெட்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. சீட்டாடுகிற கோஷ்டி கூட சீட்டை எடுக்கவில்லை. தடம் மாறினால் வண்டியை இரண்டு நிமிஷம் கூட நிறுத்திவையுங்கள் என்று கேட்பது அதனால்தான். ஒரு வண்டி இரண்டு நிமிஷம் தாமதமானால் பின்னால் வருகிற எல்லாம் தாமதமாகும் என்பீர்கள். ஆகட்டுமே சார், ஏற்கெனவே எது நேரத்துக்கு வருகிறது?

சரி, பணம் இல்லையா என்று பார்த்தால், இருக்கிறது. எழும்பூருக்கு மட்டும் 734.91 கோடியில் வேலை நடக்கிறது. 1908-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தைக் கெடுக்காமல் பெரிசாக்குவது நல்ல காரியம்தான், அங்கே வெளியூர் வண்டிகளும் நிற்கின்றன. நிலையங்களைப் புதுப்பிக்கிற அம்ரித் பாரத் திட்டத்தில் கிண்டி, மாம்பலம் என்று நம் தடத்து நிலையங்களும் பட்டியலில் உண்டு, பரங்கிமலையை 2025 மே 22 அன்று பிரதமர் காணொலியில் திறந்தும் வைத்துவிட்டார். ஆனால் எந்த நிலையத்துக்கு மேம்பாடு என்று அறிவிப்பு வந்தாலும் கூடவே ஒரு படம் வருகிறது பாருங்கள், அதில் எப்போதும் முகப்புதான். வளைவு, கண்ணாடி, விளக்கு, நாலு ஈச்ச மரம், கார் நிறுத்துமிடம், அதில் ஒரு வெள்ளைக் கார். ஐந்து ரூபாய் டிக்கெட் எடுக்கிறவன் எவன் காரில் வருகிறான்? ஷேர் ஆட்டோவிலும் மாநகரப் பஸ்ஸிலும் வந்து, தடத்தை ஒட்டிப் போகிற ஜி.எஸ்.டி ரோட்டில் இறங்கி, சாக்கடை மூடி மேல் தாண்டி வருகிறவன் அவன். முகப்பை அவன் ஒரு நாளைக்குப் பத்து விநாடி பார்ப்பான், அதுவும் ஓடிக்கொண்டே. படிக்கட்டில் பத்து நிமிஷம் நிற்கிறான். பத்து நிமிஷம் நிற்கிற இடத்தின் படத்தை இதுவரை ஒரு அறிவிப்பிலும் நான் பார்த்ததில்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எழுபத்தொன்று, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மாதம் ஒருமுறை அவரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோ என்றால் போக வர ஐந்நூறு, ரயில் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது ரூபாய். எங்கள் நிலையத்தில் லிஃப்ட் உண்டு, நல்ல லிஃப்ட்தான், கண்ணாடிச் சுவரெல்லாம் வைத்தது. அதன் கதவில் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, மார்க்கரால் 'லிப்ட் பழுது' என்று எழுதிச் சணல் கயிற்றில் கட்டியிருக்கிறது. பிஸ்கட் பெட்டி அட்டை, பின்பக்கம் இன்னும் பிஸ்கட் படம் தெரியும். என்றைக்குச் சரியாகும் என்று டிக்கெட் கவுன்டரில் கேட்டால் "அது நாங்க இல்லம்மா, எலக்ட்ரிக்கல்" என்கிறார்கள். அந்த எலக்ட்ரிக்கல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்குப் பதில் இல்லை. போன மாதம் அம்மா ஐந்து படிக்கு ஒருதரம் நின்று நின்று ஏறினார். நான் முன்னால் நின்று கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "வயசானவங்களை எதுக்கு பீக் அவர்ல கூட்டிட்டு வர்றீங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவனுக்கும் வண்டி. அம்மாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. "அடுத்த தடவை ஆட்டோலயே போயிரலாம்டி" என்றார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாரும் புழங்கும்படி மாற்ற ஐந்து வருஷம் கெடு, விதிகள் வெளிவந்தது 2017. கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். லிஃப்ட் வைத்தால் போதாது, அது ஓட வேண்டும். ஓடாத லிஃப்ட் இல்லாத லிஃப்டைவிட மோசம், அதை நம்பி ஒருத்தர் சக்கர நாற்காலியோடு வந்துவிடுவார்.

மேலே ஏறி இறங்கியாச்சு என்றால் அப்புறம் பெட்டியில் ஏற வேண்டும். உயரப் பிளாட்பாரம் என்று நீங்கள் சொல்வதன் அளவு, தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். பெட்டியின் தரை அதைவிட ஒரு முழம் மேலே இருக்கிறது. இதில் ஜல்லியைப் போட்டுப் போட்டுப் பாதையைக் கெட்டிக்கும்போது தண்டவாளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது, பிளாட்பாரம் அப்படியே இருக்கிறது, நடுவில் இருக்கிற பள்ளம் ஆழமாகிறது. மும்பையில் ஒரு பெண் 2014-இல் அந்த இடைவெளியில் விழுந்து இரண்டு கையையும் இழந்த பிறகு, கோர்ட் வரைக்கும் போய், அங்கே பிளாட்பாரங்களை 900 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். அதாவது இது செய்ய முடிகிற வேலை, செய்து காட்டிய வேலை. நம் ஊரில் ஒருவர் கை போகிற வரை காத்திருக்க வேண்டுமா?

ராத்திரி விஷயம். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் காலை வேளையில் ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றபோது அந்த நிலையத்தில் ஒரு கேமரா கூட இல்லை. அதற்குப் பிறகு கேமராக்கள் வந்தன, நன்றி. ஆனால் எங்கள் நிலையத்தில் லேடீஸ் பெட்டி வந்து நிற்பது கூரை முடிந்து, விளக்கும் முடிகிற இடத்தில். ஒன்பதரை மணிக்கு அங்கே நிற்கிற நாங்கள், வண்டி விளக்கு தெரிகிற வரை கூரைக்குக் கீழேயே இருந்துவிட்டு, தெரிந்ததும் கூட்டமாக ஓடுகிறோம். பத்துப் பெண்கள் ஒன்றாக ஓடுவதைப் பார்த்து ஒருமுறை காவலர் ஒருவர் பதறிப்போய் பின்னாலேயே ஓடி வந்தார், பாவம். இரண்டு கம்பம், இரண்டு விளக்கு. இதற்கு எந்தப் பிரதமரும் காணொலியில் வர வேண்டாம்.

உங்களால் முடியாது என்று நான் சொல்லவில்லை. மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்குப் போகிற ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது, அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், மாநகராட்சி கட்டியது. தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் போகாமலேயே பஸ் பிடிக்கலாம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று மூட்டை தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். இதற்கு நேர் எதிர், கிளாம்பாக்கம். தென் மாவட்டப் பஸ்ஸெல்லாம் வந்து நிற்கிற அவ்வளவு பெரிய நிலையத்தை 2023 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். ஜி.எஸ்.டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நம் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நிற்க நிலையம் இல்லை. ரயிலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ பெட்டி படுக்கையோடு போனார்கள் ஜனங்கள். பஸ் உங்கள் இலாகா இல்லை, தெரியும். ஆனால் பஸ்ஸில் இருந்து இறங்கி ரயிலில் ஏறுகிற மனிதன் ஒருத்தன்தானே, பாதி வழியில் அவனை இலாகா மாற்ற முடியாது.

வேலை நடக்கும்போது சொல்கிற தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் நாலாவது பாதை போடுவதற்காக, கடற்கரை வரை ஓடிய பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில், பதினாலு மாதம் கழித்து. பாதை தேவை, நிலம் கிடைக்கவில்லை, மழை, எல்லாம் புரிகிறது. ஆனால் ஏழு மாதம் என்று நம்பித்தானே ஒருத்தர் வாடகை வீட்டை மாற்றாமல் இருப்பார்? நாலாவது மாதமே 'இது இழுக்கும்' என்று ஒரு போர்டு வைத்திருந்தால் போதும்.

ஏ.சி. வண்டியை நான் திட்டப் போவதில்லை. 2025 ஏப்ரலில் வந்தது, குறைந்த கட்டணம் 35, அதிகம் 105. முடிந்தவர்கள் போகட்டும், மே மாதத்தில் நானும் இரண்டு தடவை போனேன், சொர்க்கம். ஆனால் ஏ.சி. வண்டியில் வந்து இறங்கியவரும் அதே ஒரே படிக்கட்டில்தான் வந்து முட்டிக்கொள்கிறார், 105 ரூபாய்க்குத் தனிப்படி கிடையாது.

அதனால் கேட்பது இதுதான். எங்கள் தடத்தில் எந்த நிலையத்தில் அடுத்து கை வைத்தாலும், முதல் ரூபாயைப் படிக்கட்டு இல்லாத கோடியில் போடுங்கள். அங்கே ஒரு பாலம், அந்தப் பக்கத் தெருவுக்கு இறங்க ஒரு வழி, பாலம் வரைக்கும் கூரை. முகப்பு அதற்கப்புறம் வரட்டும், வராமலே போனாலும் நாங்கள் கேட்க மாட்டோம். பிளாட்பாரம் மாற்றினால் வண்டியை நிறுத்திவையுங்கள். லிஃப்ட் பழுதானால் பழுதான தேதி, சரியாகும் தேதி, கூப்பிட ஒரு போன் நம்பர், மூன்றையும் அந்தக் கதவிலேயே ஒட்டுங்கள், இப்போது கைபேசியில் டிக்கெட் எடுக்கிற செயலி இருக்கிறதே, அதிலும் போடுங்கள், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அம்மாவுக்கு ஆட்டோவா ரயிலா என்று முடிவு பண்ணிக்கொள்வேன்.

இந்த மடலைப் பாதி எழுதி வைத்துவிட்டு நேற்று வேலைக்குப் போனேன். லிஃப்ட் கதவில் பிஸ்கட் அட்டையைக் காணோம். ஒரு நிமிஷம் மனசு துள்ளியது, பொத்தானைக் கூட அமுக்கிப் பார்த்தேன். அப்புறம்தான் பக்கத்துச் சுவரைக் கவனித்தேன். 'லிஃப்ட் பழுது' என்று கம்ப்யூட்டரில் அடித்து, மூன்று மொழியில், அழகாக லேமினேட் செய்து, நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
எட்டே முக்கால் வண்டிக்கு, ஆணித் துளைக்கு நாலடி தள்ளி நிற்கும் ஒருத்தி